மை படாத விரல்

றோசமலர் பள்ளிக்கூட வாசலால் வெளியே வந்தபோது, றோபேட் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. இடக்கைச் சுண்டுவிரலைத்தான் பார்த்தான்.

மை இல்லை.

மற்றக் கையையும் எட்டிப் பார்த்தான். அதிலும் இல்லை.

இப்படி வெறும் விரலோடு அவள் வந்து நின்றதை அவன் முன்பும் ஒருதரம் பார்த்திருக்கிறான். எண்பத்தொன்றில், ஊர்காவற்றுறையில், மாவட்ட சபைத் தேர்தல் அன்று. கலியாணம் முடிந்த புதிது. அவளுக்கு அதுதான் முதல் வோட்டு. நல்ல சீலை உடுத்து ஆசையாக உள்ளே போனவளிடம், உன் வோட்டைக் காலையிலேயே போட்டாயிற்று என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எவளோ ஒருத்தி றோசமலராக வந்து போட்டுவிட்டுப் போயிருந்தாள்!

ஊரில் வோட்டுப் போட்டவர்களின் சுண்டுவிரலில் மை பூசிவிடுவார்கள். அன்று முழுக்க அவள் வெறும் விரலைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

பிறகு இத்தாலிக்கு, இந்தப் பலேர்மோ நகரத்துக்கு, அவள்தான் முதலில் வந்தாள். பாதிரியார் ஒருவர் பிடித்துக் கொடுத்த வீடுகளில் வேலை செய்து, காலம் பிந்தி அவனைக் கூப்பிட்டாள். முந்தி வந்தவளுக்குக் குடியுரிமையும் முந்திக் கிடைத்தது. அவன் கையில் இன்னமும் பெர்மெசோ என்கிற தங்கும் அனுமதிதான். அதையும் பொலிசில் போய்ப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆக, மேயரையும் நகரசபையையும் தெரிவுசெய்யும் இந்த ஞாயிற்றுக்கிழமையில், அவர்கள் குடியிருக்கும் கால்சாப் பகுதியில் அவர்களுக்குத் தெரிந்த தமிழ்ச் சனத்துக்குள் வோட்டு உள்ளவள் றோசமலர் ஒருத்திதான்.

வோட்டு அவளுக்கு என்றாலும் தேர்தல் வேலை என்னவோ றோபேட்டுக்குத்தான். அவன் கோப்பை கழுவும் உணவகத்து முதலாளியின் மைத்துனன் நகரசபைக்கு நிற்கிறான். உன் மனைவியின் வோட்டு நமக்குத்தானே என்று முதலாளி தோளில் தட்டிக் கேட்டார். பிறகென்ன! இங்கே வோட்டுச் சீட்டில் விரும்பியவரின் பெயரைக் கையால் எழுத வேண்டும் என்பதால், அந்த மைத்துனனின் பெயரை எழுத்துக் கூட்டி எழுத அவளைப் பழக்கினான். சோறு போடும்போது ஒருதரம், படுக்கப் போகும்போது ஒருதரம், இன்று பூசை முடிந்து வரும் வழியில் இன்னொருதரம். அவளும் "ஓம், ஓம்" என்றுதான் சொன்னாள்.

இப்போது அந்த வோட்டையும் எவளோ போட்டுவிட்டாள். கடல் கடந்து வந்தும் இதே கூத்தா?

வாசலில் பொலிஸ்காரன் ஒருவன் நின்றான். சீருடையைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கம் மாறிப் போகிற ஆள் றோபேட். பெர்மெசோ சட்டைப் பையில் இருந்தாலும் அப்படித்தான். அந்த றோபேட் விறுவிறென்று போய்ப் பொலிஸ்காரனுக்கு முன்னால் நின்று, தெரிந்த இத்தாலியன் முழுவதையும் திரட்டிக் கத்தினான்: என் மனைவியின் வோட்டைக் களவெடுத்துவிட்டார்கள், இது இரண்டாம் தரம்!

வரிசையில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது.

பொலிஸ்காரன் பெர்மெசோ கேட்கவில்லை. "சொல்லுங்கள், சின்யோரே" என்றான்.

அதற்குள் றோசமலர் ஓடி வந்து றோபேட்டின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ, சும்மா இருங்கோ! இஞ்சை மை பூசிறேல்லை. நானும் விரலை நீட்டினனான். அங்கை இருந்த மனுசி விளங்காமல் கையைப் பிடிச்சுக் குலுக்கிவிட்டவ."

றோபேட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பொலிஸ்காரனிடம் மன்னிப்புக் கேட்டான். வரிசை சிரித்தது, பொலிஸ்காரனும் சிரித்தான். சந்தோசத்தில் றோபேட்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப உம்மடை வோட்டிலை இஞ்சை ஒருத்தரும் கை வைக்கேல்லை?"

"வைக்கப் பாத்தவர் ஒராள். நான் விடேல்லை."

"ஆரது?" என்று அவன் மறுபடியும் பொலிஸ்காரன் பக்கம் திரும்பினான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

"நடவுங்கோ. நாளைக்கு முதலாளி கேட்டால், ஆருக்குப் போட்டவ எண்டு எனக்கே சொல்லேல்லை எண்டு சொல்லுங்கோ."

அப்போதுதான் அந்த ஆள் யாரென்று றோபேட்டுக்குப் பிடிபட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்குள்ளும் ஏனோ அவளை நினைக்கப் பெருமையாகவும் இருந்தது.

பொலிஸ்காரன் இன்னும் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றான். றோபேட் அவன் கண்ணில் படாதபடி மெல்ல மனைவியின் மற்றப் பக்கத்துக்கு மாறி நடந்தான்.