இன்னும் ஒரே ஒரு நாள்

"டாக்டர், இன்னும் ஒரே ஒரு நாள் விட்டுப் பாருங்களேன்."

"குறிச்ச தேதி தாண்டிப் பன்னிரண்டு நாள் விட்டுப் பார்த்தாச்சும்மா. குழந்தையைச் சுத்தித் தண்ணி குறைஞ்சுகிட்டே வருது. இனிமேலும் உள்ளே வச்சிருந்தா அதுக்குத்தான் ஆபத்து" என்றபடி, சல்கினின் கையில் ஊசியைச் செருகி, வலி வர வைக்கும் மருந்தைத் திறந்துவிட்டார் டாக்டர்.

கட்டிலருகே நின்ற கனிஷாய், சல்கினுக்கு ஓரகத்தி. மூத்தாரின் மனைவி. மார்ச் மாதத்துப் பனியில், மலைப்பாதையில் கார் பிடித்து, கிர்கிஸ்தானின் நரின் நகரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தவள் அவள்தான்.

"மூணாவது பிரசவம். இதுக்கு என்னடி பயம்?"

"பயமில்லக்கா."

"தெரியும், தெரியும். வெள்ளிக்கிழமை அஸ்கத் மாஸ்கோவிலிருந்து வர்றான். புருஷன் மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் பெத்துக்குவியாக்கும்!"

நர்ஸ் ஜிபெக் சிரித்துவிட்டாள். சல்கின் மறுக்கவில்லை.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. மதியம் வரை வலி வருவதும் போவதுமாகப் போக்குக் காட்டியது. கனிஷாய்க்கு இருப்புக்கொள்ளவில்லை. போனை எடுத்தாள்.

"அத்தே, வீட்டுல எல்லாப் பூட்டையும் திறந்தாச்சா? துணிப்பெட்டி? கொட்டில்ல மாட்டுக் கயிறு? முடிச்சுன்னு ஒண்ணு மிச்சம் இருந்தாலும் பிள்ளை வெளியே வராது, அவிழ்த்து விடுங்க!"

"மாடு ஊர் சுத்தப் போயிடுச்சுடி!" என்று மாமியார் கத்தியது கட்டில் வரை கேட்டது.

"மாடு போனா போகட்டும், பிள்ளை வரட்டும்."

"நாங்க இங்கே மருந்து ஏத்துறோம், நீங்க அங்கே மாட்டை அவிழ்க்கிறீங்களா?" என்றாள் ஜிபெக்.

"உங்க வேலையை நீங்க பாருங்க, எங்க வேலையை நாங்க பார்க்கிறோம். தொட்டிலுக்கு மெத்தை தைச்சு ரெண்டு மாசமா காத்துக்கிட்டிருக்கேன்!"

தன் பூட்ஸ் கயிற்றைக்கூட அவிழ்த்துப் போட்டாள் கனிஷாய். சல்கினின் பின்னல்களைப் பிரித்தாள். முதுகைத் தேய்த்தாள். தேநீரில் நனைத்த ரொட்டியை ஊட்டினாள்.

"கூடப் பிறந்தவகூட இப்படிப் பார்த்துக்க மாட்டா" என்றாள் ஜிபெக்.

சல்கின் தலையாட்டினாள். கண் நிறைந்திருந்தது. ஒரு கையில் கைக்குட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தாள். இன்னொரு கை வயிற்றை விட்டு நகரவேயில்லை. உள்ளே உதை விழும்போதெல்லாம் குனிந்து என்னவோ முணுமுணுத்தாள். நாளைக்கு இந்த உதை இருக்காதே என்று நெஞ்சு ஏங்கியது.

நாலு மணிக்கு வலி பிடித்துக்கொண்டது. அப்புறம் நிற்கவேயில்லை.

"முக்கும்மா! இன்னும் கொஞ்சம்! தலை தெரியுது!"

"ஒரே ஒரு நாள்..." என்று சல்கின் அலறிக்கொண்டிருக்கும்போதே குழந்தை வீறிட்டது. பெண் குழந்தை.

சல்கினின் விரல்கள் தளர்ந்து, கைக்குட்டை தரையில் விழுந்தது. அதை எடுத்த கனிஷாய் திகைத்துப்போனாள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று முடிச்சுகள்!

"அடிப்பாவி! ஊரையே அவிழ்க்கச் சொன்னேன், இதை அவிழ்க்க மறந்துட்டியே!"

"மறக்கலக்கா. காலையில நான்தான் போட்டேன்."

கனிஷாய்க்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் குழந்தையைத் துடைத்துச் சுற்றி எடுத்து வந்தாள் ஜிபெக்.

"இந்தாம்மா, உன் மகளைப் பிடி."

சல்கின் கை நீட்டவில்லை. குழந்தையின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அக்காகிட்ட குடுங்க. பிள்ளையில்லாத அவங்களுக்குத் தர்றதா அஞ்சு மாசம் முன்னாடியே பெரியவங்க முன்னால வாக்குக் குடுத்தாச்சு. வயித்துக்குள்ள இருந்த வரைக்கும்தான் அவ என் பொண்ணு."