யார் வீட்டுப் பாத்திரம்?

“எங்க அரிக்குது?” என்று டாக்டரம்மா கணவரைத்தான் கேட்டார்.

“ரெண்டு கை விரல்லயும். எந்நேரமும் சொறிஞ்சுக்கிட்டே இருப்பார்,” என்றாள் மனைவி.

“எவ்வளவு நாளா?”

“ரொம்ப நாளா. சொரியாசிஸ்தான், சந்தேகமே இல்லை. இவர் அண்ணனுக்கும் இருக்கு.”

கணவர் வாயைத் திறந்தார். தன் வாய்க்கு இங்கே வேலையில்லை என்று புரிந்து மூடிக்கொண்டார்.

டாக்டரம்மா விளக்கு பொருத்திய சின்னப் பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்தார். டெர்மாஸ்கோப்பாம். விரல்மேல் வைத்ததும் தோல் பூதாகாரமாக மேசைமேல் இருந்த திரையில் தெரிந்தது. நகங்களையும் விடாமல் பார்த்தார்.

“சொரியாசிஸ் இல்லம்மா. அதுன்னா சிவப்புப் புள்ளிங்க ஒரே சீரா பரவியிருக்கும், மேல வெள்ளைச் செதில் இருக்கும். இவருக்குப் புள்ளி அங்கொண்ணும் இங்கொண்ணும்தான், மேல மஞ்சளா பொருக்கு. நகத்துலயும் குழி இல்லை. இது எக்ஸிமா. பெரும்பாலும் பாத்திரம் கழுவுற சோப்பால வர்றது.”

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“இவரா? குடிச்ச டம்ளரைக்கூட நகர்த்தி வைக்க மாட்டார். எங்க வீட்டுப் பாத்திரத்துல என் கையைத் தவிர வேற கை பட்டதே இல்லை. நான் கழுவினா அதுல முகம் பார்க்கலாம்.”

“தினமும் சோப்புத் தண்ணியில ஊறுற கை மாதிரிதான் இருக்கு.”

சிரிப்பு நின்றது. கணவர் மின்விசிறியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் வீட்டில் இல்லையென்றால், வேறு யார் வீட்டில்? சாயங்காலம் அவள் நடக்கக் கிளம்பினால், “எனக்கு முட்டி வலி, நீ போயிட்டு வா” என்று தினமும் பின்தங்கும் மனுஷன் ஆயிற்றே. மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவளின் முகம் வேறு ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

“கொஞ்சம் வெளிய இருக்கீங்களாம்மா? நான் இவர் வாயாலயே ரெண்டு பதில் கேட்கணும்.”

அவள் வெளியே போனாள். காது மட்டும் உள்ளேயே இருந்தது.

“இப்ப சொல்லுங்க. எங்க கழுவுறீங்க?”

“எங்க வீட்டுலதான் டாக்டர்.” கணவரின் குரல் தணிந்தது. “அவளுக்குக் கண்ணு மங்கிடுச்சு. கழுவிக் கவுத்த தட்டுல சாப்பாடு காஞ்சு ஒட்டியிருக்கும். சொன்னா மனசு ஒடிஞ்சிடுவா. அதான், அவ நடக்கப் போனதும் எல்லாத்தையும் இன்னொரு தடவை கழுவி, அவ வச்ச மாதிரியே அடுக்கி வச்சிடுவேன்.”

அவர் வெளியே வந்தபோது, அவள் தள்ளிப்போய்ச் சுவரில் இருந்த பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்றிருந்தாள்.

“என்ன சொன்னாங்க?”

“களிம்பு எழுதிக் கொடுத்திருக்காங்க. வேற ஒண்ணுமில்லை.”

“அப்ப இங்க வாங்க,” என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். “கண் டாக்டர் எந்த மாடியில இருக்கார்னு இதுல போட்டிருக்காம். எனக்குச் சரியாத் தெரியலை, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க.”