கைமாறும் வண்டி

“சென்சாரெல்லாம் வேணாம் மேடம். அந்த லைட்டை மட்டும் அணைச்சு விட்டுடுங்க” என்றான் லோகேஷ்.

“அணைக்கிறதுக்கு இது என்ன டியூப் லைட்டா சார்?” சந்தியா ஜாக்கியை முன் சக்கரத்துக்கு அருகே தள்ளினாள். ஏனாத்தூர் சாலையில் இருக்கும் அந்த டயர் கடை அவளுடையது. “ஒவ்வொரு சக்கரத்துக்கு உள்ளயும் ஒரு சென்சார் இருக்குது. காத்து குறைஞ்சா அது சொல்லும், டேஷ்போர்டுல விளக்கு எரியும். இப்ப அதோட பேட்டரியே செத்துப்போச்சு. பேட்டரியை மட்டும் மாத்த முடியாது, சென்சாரையே மாத்தணும். பத்து வருஷ வண்டி இல்ல?”

“அதனாலதான் சொல்றேன். விளக்கு மேல ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிட்டா முடிஞ்சுது.”

“பொட்டுக்கு ஃபேன்சி ஸ்டோருக்குப் போ. இங்க எதுக்கு வந்துக்கினு?” பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்து அவன் அப்பா கைலாசத்தின் குரல் வந்தது. பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருப்பவர். “நீ போடும்மா. நாலு சக்கரத்துக்கும் புதுசு போடு.”

“கெட்டது ரெண்டுதான் சார்.”

“மத்த ரெண்டுக்கும் அதே வயசுதானே? நாளைக்கு அதுங்களும் மண்டையைப் போடும்.”

லோகேஷ் பல்லைக் கடித்தான். “கந்தலுக்கு ஜரிகை போடுற கதையா இருக்குதுப்பா. இன்னும் கொஞ்ச நேரத்துல வேற கைக்குப் போற வண்டி. இதுக்குப் போய் எவனாச்சும் செலவு பண்ணுவானா?”

“ஓட்டப் போறது ஒரு பொம்பளை. தெனம் ஹைவேல ஸ்ரீபெரும்புதூர் போயிட்டு வரணும். டயர் இறங்குறது தெரியாம வேகமாப் போனா என்ன ஆவும்?”

“அது அவங்க பாடு. சாவியைக் குடுத்ததோட நம்ம வேலை முடிஞ்சுது.”

“பின்னாடி சீட்டுல ஒரு குழந்தையும் உக்காரும்டா.”

லோகேஷ் ஹெல்மெட்டை மாட்டினான். “நான் பைக்ல கிளம்பறேன். நீயே ஒப்படைச்சுடு.”

“இரு. சாவியை நீதான் உன் கையால குடுக்கணும்.”

ஹெல்மெட்டைக் கழற்றினான்.

சந்தியா டயரைப் பிரித்துப் பழைய சென்சாரை வெளியே எடுத்தாள். தீப்பெட்டி அளவுதான். அதைக் குப்பைக் கூடையில் வீசிவிட்டுப் புதியதை முடுக்கினாள். அடுத்த சக்கரம். அதற்கடுத்தது. கடைசியாக, கையடக்கக் கருவி ஒன்றைச் சக்கரம் சக்கரமாகக் காட்டி, புது சென்சார்களை வண்டிக்கு அறிமுகம் செய்துவைத்தாள். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணைந்தது.

“நெசமாவே வேலை செய்யுதான்னு காட்டும்மா.”

ஒரு சக்கரத்தில் காற்றை இறக்கினாள். விளக்கு எரிந்தது. மறுபடி காற்றடித்தாள். அணைந்தது.

“இன்னொரு வாட்டி.”

“போதும்ப்பா! கற்பூரமா காட்டுறாங்க, திரும்பத் திரும்பக் கும்பிட?”

சந்தியாவுக்குச் சிரிப்பு வந்தது. “தம்பி சொல்ற மாதிரி பொட்டு ஒட்டச் சொல்லித்தான் சார் எல்லாரும் வருவாங்க. கை மாறுற வண்டிக்கு நாலு சென்சாரும் புதுசாப் போடுற ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

கைலாசம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆட்டோ ஒன்று வந்து நின்றது. சுடிதார் அணிந்த ஒரு பெண் இறங்கினாள். பின்னாலேயே பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. கைலாசம் மகனைப் பார்த்தார். லோகேஷ் தரையைப் பார்த்தபடி சாவியை நீட்டினான். அவளும் முகம் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

“விளக்கு எரிஞ்சா உடனே ஓரம் கட்டிடுங்கக்கா” என்றாள் சந்தியா. “நாலும் புதுசு. பெரியவர் நின்னு போட வச்சாரு. இப்படிப்பட்ட ஆளுங்க கிட்ட வண்டி வாங்க நீங்க குடுத்து வச்சிருக்கணும்.”

“வாங்கலீங்க. கல்யாணத்துல எங்க அப்பா எனக்குப் போட்ட சீரு இது. மத்ததெல்லாம் திரும்பி வந்துடுச்சு, இது ஒண்ணுதான் பாக்கி இருந்துது.” அவள் கைலாசத்தின் பக்கம் திரும்பினாள். “வரேன் மாமா.”

பின் சீட்டில் ஏறி உட்கார்ந்த சிறுமி கண்ணாடியை இறக்கி, லோகேஷைப் பார்த்துக் கேட்டாள்: “நீ ஏறலையாப்பா?”