இலவச ஃபேஷியல்

"புருவம் மட்டும் போதும்க்கா. வளைகாப்புக்கு எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் போகணும்" என்று சொல்லிக்கொண்டேதான் உஷா பார்லர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ருக்மிணி அக்கா காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

ஜீவனஹள்ளிக்குக் குடிவந்த நாளிலிருந்தே உஷாவிடம் பலர் சொல்லியிருந்தார்கள். "ருக்மிணிகிட்ட புருவத்துக்குப் போனா, உச்சந்தலை வரைக்கும் எதையாவது பண்ணித்தான் அனுப்புவா!"

பக்கத்து நாற்காலியில் ஒரு சின்னப் பெண். நீலத் துப்பட்டா. முகத்தில் சிரிப்பே இல்லை.

'லேடீஸ் ஒன்லி' ஒட்டிய கண்ணாடிக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"ஆன்ட்டி, நம்ம மகாவுக்கு இளநீர். வெயில்ல வந்தா, பாவம்."

"அடடா, வெளியிலயே காத்திருக்கீங்களா சுனில்?" என்றபடி ருக்மிணி வாங்கி வைத்தாள்.

"எப்பவுமே அப்படித்தான் ஆன்ட்டி. இவளை ஒரு நிமிஷம்கூட தனியா விடமாட்டேன்."

உஷா உருகிப்போனாள். அவள் புருஷன் ராஜேஷ்குமார், தெருமுனையில் வண்டியை முழுசாகக்கூட நிறுத்தாமல் இறக்கிவிட்டுப் போனவன். கொடுத்து வைத்தவள் இந்த மகா! அப்புறமும் மூஞ்சியை ஏன் இப்படி வைத்துக்கொண்டிருக்கிறாள்?

"வாம்மா, உள்ளே வாக்சிங்" என்று மகாவை அழைத்துப்போன ருக்மிணி, திரும்பி வரும்போது அந்த நீலத் துப்பட்டாவோடு வந்தாள். அதை உஷாவின் தலையில் சுற்றினாள். நாற்காலியைக் கதவுக்கு முதுகு காட்டித் திருப்பினாள். கிண்ணத்திலிருந்து பச்சை நிற ஃபேஸ் பேக்கை அள்ளி முகத்தில் அப்பினாள்.

"அக்கா! புருவம்!"

"ஃபேஷியல் ஃப்ரீம்மா. இன்னிக்கு ஆஃபர்."

"எனக்கு வேணாம்க்கா!"

"ஸ்வல்ப... கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

ஓசியில் கொடுக்கிற ஆளா இவள்? காலாவதியான கிரீமையெல்லாம் என் மூஞ்சியில் தீர்க்கிறாள் என்று உஷா பல்லைக் கடித்தாள்.

அரை மணி நேரம் போயிற்று. பேக் காய்ந்தது. ருக்மிணி அதன் மேலேயே இன்னொரு பூச்சு பூசினாள். கொஞ்சம் விட்டால் சுண்ணாம்பும் அடிப்பாள் போலிருந்தது.

அப்போதுதான் காற்றில் உள் அறைக் கதவு மெல்லத் திறந்துகொண்டது. கண்ணாடியில் உஷா பார்த்தாள். உள்ளே யாருமில்லை. பின்வாசல் 'ஆ'வென்று திறந்து கிடந்தது.

உஷாவுக்குப் பகீரென்றது. புருஷனை வாசலில் உட்கார வைத்துவிட்டுப் பின்வழியாக எவனோடோ ஓடிவிட்டாளா? அதற்கு இந்த அக்கா உடந்தையா? பாவம், இளநீர் வாங்கிக்கொண்டு வந்த மனுஷன்!

"சார்! உங்க ஒய்ஃ—"

ஒரு கை நிறைய பேக் அவள் வாயில் வந்து விழுந்தது.

"பேசாதேம்மா! பேசினா சுருக்கம் விழும்!" என்று வாசலுக்குக் கேட்கும்படி கத்தினாள் ருக்மிணி. பிறகு உஷாவின் காதோரம் குனிந்தாள்.

"போன மாசம் வாக்சிங் பண்ண அந்தப் பொண்ணு கையைத் தூக்கினேன். அக்குள் பக்கத்துல சூடு வச்ச தழும்பு. பதினெட்டு முடிஞ்சதும், வேணாம் வேணாம்னு அழுதவளை இவனுக்குக் கட்டி வச்சிருக்காங்க. போன்கூட அவன் கையிலதான். அவன் கூடவே உள்ள வர முடியாத இடம் இது ஒண்ணுதான். 'யார்கிட்டயாவது சொல்லுங்கக்கா'ன்னு அவளே கேட்டா. ஹெல்ப்லைன்ல பேசினேன். அங்கேர்ந்து ஒரு வக்கீலம்மா ஆட்டோவோட பின்னால வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. பெண்கள் விடுதிக்கு."

உஷாவின் இரண்டு கன்னத்திலும் பேக் கோடு கோடாகக் கரைந்து இறங்கியது.

"அழாதேம்மா, பச்சைத் தண்ணியா ஊத்துது. வெளியிலேர்ந்து பார்த்தா நீ மகா இல்லேன்னு தெரிஞ்சுடும்" என்று ருக்மிணி அதையும் துடைத்து மறுபடி பூசினாள்.

கதவு இடுக்கிலிருந்து குரல் வந்தது. "மகா, ஆச்சா?"

உஷா துப்பட்டாவுக்குள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏய்! கேக்குறது காதுல விழல? எல்லாரும் பார்க்கட்டும்னு உட்கார்ந்திருக்கியா? வீட்டுக்கு வாடி, வச்சுக்கறேன்."

இளநீர் கொடுத்த அதே வாய். அந்த மிரட்டல் தனக்கில்லை என்று தெரிந்தும் உஷா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இதை அந்தச் சின்னப் பெண் தினமும் கேட்டிருக்கிறாள்.

"பேக் காயட்டும் சுனில்! பாதியில எடுத்தா தோல் உரிஞ்சிடும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது!" என்றாள் ருக்மிணி. அவன் முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தான்.

ருக்மிணியின் போன் அதிர்ந்தது. பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"என்னக்கா?" என்று உதடு அசையாமல் கேட்டாள் உஷா.

"ஆட்டோ இன்னும் சில்க் போர்டு சிக்னல் டிராஃபிக்லயே நிக்குதாம். விடுதி போய்ச் சேர்ந்ததும் சொல்றேன்னாங்க. போலீஸ் ஸ்டேஷன்லயும் வக்கீலம்மா புகார் எழுதிக் கொடுத்துட்டாங்க. இனி நான் பார்த்துக்கறேன். நீ முகத்தைக் கழுவிட்டுப் பின்வழியா கிளம்பும்மா. உனக்கு வளைகாப்பு இருக்குல்ல?"

உஷா எழுந்திருக்கவில்லை. நீலத் துப்பட்டாவை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள்.

"அக்கா, பெடிக்யூருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"முக்கால் மணி நேரம்."

"அப்போ ஒவ்வொரு காலா பண்ணுங்க!"