கடைவாய்ப்பல்லின் வேர்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய சந்தியாகு அண்ணாந்து பார்த்து வெகுநாளாகிவிட்டது. அவர் கழுத்துத் தசைநார் கொஞ்சங்கொஞ்சமாக எலும்பாகிக்கொண்டிருந்தது. "கடைவாய்ப்பல்லு ஈறு அழுகிக் கெடக்கே. அதுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கலாம்னு சொல்றாங்க, உறுதியாத் தெரியல. ஆபரேஷனுக்கு முன்னாடி அந்தப் பல்லை எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தார் எலும்பு டாக்டர்.

பல் டாக்டரம்மா ஊசி போட்டதும் கன்னம் மரத்தது. அந்த மரப்பு மெல்லக் கழுத்துக்குள் இறங்குவது போலிருந்தது. கடைவாய்ப்பல்லின் வேர் இடுப்புவரை ஓடி, முதுகின் ஒவ்வொரு கணுவையும் பின்னிப் பிடித்திருப்பதை சந்தியாகு கண்மூடியபடி பார்த்தார். பல் அசைந்தது. ஈரமண்ணிலிருந்து வருவதுபோல வேர் முழுவதும் உருவிக்கொண்டு வந்தது. உடம்பு தண்ணீரில் விட்ட கயிறாக நெகிழ்ந்தது.

டாக்டரம்மா பல்லைக் காட்டினார். வேர் சுண்டுவிரல் நகத்தளவுதான் இருந்தது.

"இம்புட்டுதானா?" என்றார் சந்தியாகு, பஞ்சைக் கடித்தபடி.

"இவ்ளோதான் அண்ணாச்சி. எந்திரிங்க."

கழுத்து இப்போது திரும்பும் என்றே தோன்றியது. திருப்பிப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

"கொஞ்ச நேரம் இப்படியே கெடந்துக்கிடுதேம்மா."

டாக்டரம்மா அவர் முகத்துக்கு மேலிருந்த விளக்கை அணைத்தார்.