ஒரே நரம்பில்

கோடைக் கூட்டம் கலைந்துபோன கடற்பாலத்தின் மேல் இலையுதிர்காலத்தின் முதல் குளிர்காற்று சுளீரென்று அடிக்கிறது. சாய்ந்த வெயிலில் மீன் செதிலும் ரத்தமும் ஒன்றுபோல் மின்னுகின்றன. ஈரப் பலகையில் தையல்காரர் மண்டியிட்டிருக்கிறார். அவருடைய தூண்டில் நரம்பில் இரண்டு முள். ஒன்று அவர் இழுத்துப்போட்ட மீனின் வாயில், மற்றொன்று அதைப் பிடிக்கப்போன அவருடைய வலது உள்ளங்கையில். கை நீள மீன் துள்ளத் துள்ள, முள் சதைக்குள் இன்னும் ஆழமாக இறங்குகிறது. கத்தரிக்கோல் பிடிக்கிற விரல்கள் தாமாகவே மடங்குகின்றன. "நரம்பை வெட்டுங்க மாப்பிள்ளை!" என்று அலறுகிறார். தங்கையின் கணவன் கையில் கத்தி இருக்கிறது. "வெட்டினா மீன் துள்ளித் தண்ணிக்குள்ள போயிடும் மச்சான். ஊசி குத்தாத கையா உங்களுது?" என்று சிரித்தபடி மறு கையால் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்கிறான். தங்கையின் முகத்துக்காக இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர் இப்போதும் கடித்துக்கொள்கிறார். இடது கை, மீனை அடித்துக் கொல்லும் கட்டையைத் துழாவி எடுக்கிறது. முதல் அடியில் மீனின் தலை நசுங்குகிறது. அடுத்ததில் கண் பிதுங்கித் தெறிக்கிறது. அதற்கப்புறம் வால்கூட அசையவில்லை, கட்டைதான் நிற்கவில்லை. அடிக்க அடிக்க நரம்பு விண்ணென்று இழுத்து அவர் கையையே கிழிக்கிறது, மணிக்கட்டில் ரத்தம் வழிகிறது. மாப்பிள்ளையின் சிரிப்பு வற்றிப்போகிறது, ஓரடி பின்வாங்குகிறான். "மச்சான்... அது செத்துடுச்சு." "தெரியும் மாப்பிள்ளை" என்கிறார் தையல்காரர், மீனைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்தபடி. கட்டை மறுபடியும் உயர்கிறது.