மூன்றரைக்குக் கிளம்புகிறவள்

மூக்கு ஆபரேஷன் முடிந்து ஆறாவது மாதம், ஆனியின் மூக்குத்தண்டில் கடுகளவு மேடு ஒன்று தெரிந்தது. செம்பூர் டாக்டர் மூன்று வழி சொன்னார். ஃபில்லர் ஊசி போட்டு மறைக்கலாம், அது ஒரு வருடம்தான் நிற்கும். மரத்துப்போக ஊசி போட்டு, அரைமணி நேரத்தில் மேட்டை அரத்தால் ராவிவிடலாம். இல்லையென்றால் வருடம் முடியும்வரை பொறுத்துப் பார்க்கலாம்.

ராவிவிடுவது என்று ஆனி முடிவு செய்தாள். செத்துப்போன அப்பாவின் மூக்கை வெட்டுகிறாயே என்று முதல் முறை ஒரு வாரம் அழுத அம்மா, இந்த முறை அரிசி களைந்துகொண்டே, "ஒனக்குப் பிடிச்சதச் செய்யிட்டி" என்றாள். ஆனிக்கு என்னவோ போல் இருந்தது.

அவளுடைய குர்லா ஆபீசில் மெஷினில் முகம் காட்டித்தான் அட்டெண்டன்ஸ். லீவு கேட்கப் போனபோது அட்மின் சாஜன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான்.

"ஒன் புது முகத்த ஏத்துனப்ப பழச அழிக்காம விட்டுட்டேன், ஆனி. அதுவும் டெய்லி பஞ்ச் ஆவுது. ஒம்பது மணிக்கு உள்ள, மூணரைக்கு வெளிய."

"மெஷின் கோளாறா இருக்கும்."

"ஆறு மாசமாவா?"

அன்று அவள் நான்கு மணிக்கே கிளம்பிவிட்டாள். தாராவி வீட்டு வாசலில் அவளுடைய செருப்பு கிடந்தது. அதே செருப்பு அவள் காலிலும் இருந்தது.

தட்டியதும் அம்மா வெளியே வந்து கதவைச் சாத்தினாள். ஆனியின் மூக்கையே சற்று நேரம் பார்த்தாள்.

"மெள்ளப் பேசு. அவ இப்பத்தான் சாப்புட்டுப் படுத்தா. நீ எப்பவும்போல எட்டு மணிக்கு வா."